1868 பிரிட்டன் பொதுத்தேர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டோரியா அரசியின் ஆட்சியில், 1868 நவம்பர் 17 முதல் டிசம்பர் 7 வரை, பிரிட்டன் மக்களவையின் 658 இடங்களுக்குப் பொதுத்தேர்தல் நடந்தது. ஒரு பக்கம் பெஞ்சமின் டிஸ்ரேலியின் கன்சர்வேடிவ் கட்சி. மறுபக்கம் வில்லியம் கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சி. இத்தேர்தலைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு இயல்பாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

இந்தத் தேர்தலைத் தனியாகப் படிக்க வேண்டிய அவசியம் என்ன?

இரண்டு காரணங்கள் உண்டு. நகரத் தொழிலாளர்கள் பெருந்திரளாக வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் இது. ஒவ்வொரு வாக்காளரும் தன் வாக்கை எல்லார் முன்னிலையிலும் வாய்திறந்து சொல்ல வேண்டியிருந்த கடைசிப் பொதுத்தேர்தலும் இதுவே. உரிமை புதிதாக வந்துவிட்டது, அந்த உரிமைக்குக் காவல் மட்டும் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளியில் சிக்கிக்கொண்ட எளிய மனிதர்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ளாமல், கிளாட்ஸ்டன், டிஸ்ரேலி என்னும் இரு பெருந்தலைவர்களின் போட்டியாக மட்டும் இத்தேர்தலைப் பார்ப்பது அரைகுறையான பார்வை என்றே நான் கருதுகிறேன்.

யார் யாருக்கு வாக்குரிமை இருந்தது?

1867 ஆகஸ்டில் நிறைவேறிய இரண்டாம் சீர்திருத்தச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அதன்படி நகரத் தொகுதிகளில், பன்னிரண்டு மாதம் ஒரே வீட்டில் குடியிருந்து, ஏழைகள் நலனுக்கான உள்ளூர் வரியைச் செலுத்திய ஆண் குடித்தனக்காரர் ஒவ்வொருவருக்கும் வாக்கு கிடைத்தது. ஆண்டுக்கு 10 பவுண்டு பெறுமானமுள்ள அறைகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கும் கிடைத்தது. கவுண்டி எனப்படும் நாட்டுப்புறத் தொகுதிகளில் வரம்பு உயரமாகவே இருந்தது. அங்கே பெரும்பாலும் 12 பவுண்டு வரிமதிப்புள்ள நிலமோ வீடோ வைத்திருந்தவர்களே புதிதாகப் பட்டியலில் சேர முடிந்தது. ஆகவே வயலில் கூலிவேலை செய்தவர்களும், சுரங்கக் கிராமங்களில் வசித்தவர்களில் பெரும்பாலானோரும், பெண்கள் அனைவரும் வெளியிலேயே நின்றார்கள். ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் 1868-இல் தனித்தனிச் சட்டங்கள் வந்தன.

நாடு முழுவதும் சுமார் 13½ லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 25 லட்சத்தை நெருங்கியது. மக்கள்தொகை அப்போது மூன்று கோடி அளவில் இருந்ததால், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்ற கணக்குதான் வருகிறது. ஆனால் சில ஊர்களில் மாற்றம் மலைக்க வைப்பதாக இருந்தது. தென் வேல்ஸின் இரும்புத் தொழில் நகரமான மெர்தர் டிட்ஃபிலில் ஏறத்தாழ 1,400 ஆக இருந்த வாக்காளர்கள் ஒரே பட்டியலில் 14,500 பேர் ஆனார்கள்.

வரி விஷயத்தில் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பல நகரங்களில் வீட்டுக்காரரே வாடகையோடு சேர்த்து வரியை வாங்கிக் கட்டிவிடும் வழக்கம் இருந்தது. புதிய சட்டம் அந்த ஏற்பாட்டை நீக்கி, குடியிருப்பவரே நேரில் வரி கட்ட வேண்டும் என்றது. வாக்குரிமையோடு வரி பாக்கிக்கான நீதிமன்ற அழைப்பாணையும் பல ஏழைக் குடும்பங்களின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. மறு ஆண்டே, 1869-இல், பழைய வழக்கத்தைத் திரும்ப அனுமதிக்க வேண்டியதாயிற்று.

தேர்தலின் மையப் பிரச்சினை எது?

அயர்லாந்தின் திருச்சபை. 1861 கணக்கெடுப்பின்படி அயர்லாந்து மக்களில் நூற்றுக்கு 78 பேர் கத்தோலிக்கர். புராட்டஸ்டன்ட் பிரிவான ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள் 12 பேர் மட்டுமே. ஆனாலும் அந்த 12 பேரின் சபைதான் அரசின் அதிகாரபூர்வத் திருச்சபை. ஒரு காலத்தில் கத்தோலிக்கக் குடியானவர்களே அதற்குத் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்ற வரி, கட்ட வேண்டியிருந்தது. 1838-க்குப் பிறகு அந்தச் சுமை நிலவுடைமையாளர் செலுத்தும் கட்டணமாக மாற்றப்பட்டாலும், பணம் கடைசியில் யார் கொடுத்த குத்தகையிலிருந்து போனது என்பதை எந்தக் குடியானவரும் அறிவார். 1868 வசந்த காலத்தில் கிளாட்ஸ்டன் மக்களவையில் தீர்மானங்கள் கொண்டுவந்து, இந்தத் திருச்சபையின் அரசுத் தகுதியை நீக்க வேண்டும் என்று வாதிட்டு வென்றார். சீர்திருத்த மசோதா விவாதத்தில் சிதறிப்போயிருந்த லிபரல் கட்சியை ஒன்றாகக் கட்டியதும் இந்தப் பிரச்சினைதான்.

மக்களவையில் தோற்ற டிஸ்ரேலி உடனே ஏன் விலகவில்லை? அரசியின் பங்கு என்ன?

பிப்ரவரி மாத இறுதியில்தான் அவர் பிரதமராகியிருந்தார். தோல்விக்குப் பின் அவர் அரசியைச் சந்தித்து, அவையைக் கலைத்து மக்களிடம் போகலாம் என்று ஆலோசனை சொன்னார், அரசியும் ஏற்றார். ஆனால் பழைய பட்டியலை வைத்துத் தேர்தல் நடத்தினால் புதிய சட்டத்துக்கே பொருளில்லாமல் போகும். எனவே புதிய வாக்காளர் பட்டியல் தயாராகும்வரை, நவம்பர்வரை, சிறுபான்மை அரசாகவே அவர் நீடித்தார். விக்டோரியாவின் விருப்பம் டிஸ்ரேலியின் பக்கமே சாய்ந்திருந்தது என்பதில் ஐயமில்லை. அவரால் காலத்தை நீட்டித் தர முடிந்தது, முடிவை மாற்ற முடியவில்லை. அரசியலமைப்பு முடியாட்சியின் எல்லை அன்று எங்கே இருந்தது என்பதை இந்த ஆறு மாதங்கள் தெளிவாகவே காட்டிவிடுகின்றன.

வாக்களிப்பு எப்படி நடந்தது?

முதலில் வேட்புமனு நாள். ஊர் நடுவே மரத்தால் மேடை கட்டுவார்கள். அந்தச் செலவையும் வேட்பாளர்களே ஏற்க வேண்டும். வேட்பாளர்கள் அதில் ஏறி நிற்க, ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, கூட்டம் ஆரவாரிக்கும். வாக்குரிமை இல்லாதவர்களும் அங்கே நின்று கூச்சலிடலாம், அழுகிய காய்கறியை வீசலாம். தேர்தல் அதிகாரி கைதூக்கச் சொல்லி, யாருக்கு ஆதரவு அதிகம் என்று அறிவிப்பார். அதில் தோற்றவர் முறையான வாக்கெடுப்பு கோரலாம். போட்டியே இல்லாவிட்டால் அன்றே கதை முடிந்துவிடும். 200-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் 1868-இல் அப்படித்தான் போட்டியின்றி அவைக்குப் போனார்கள்.

வாக்கெடுப்பு நாளில், வாக்காளர் சாவடிக்குள் போய் எழுத்தர் முன் நிற்பார். தன் பெயரையும் முகவரியையும் சொல்வார், பட்டியலில் சரிபார்ப்பார்கள். அடுத்து, யாருக்கு வாக்கு என்று கேட்கப்படும். அவர் வாய்விட்டுச் சொல்ல, எழுத்தர் அந்தப் பெயருக்கு நேரே கோடு இழுப்பார். இரு கட்சிகளின் முகவர்களும் பக்கத்திலேயே உட்கார்ந்து தங்கள் ஏடுகளில் அதையே குறித்துக்கொள்வார்கள். மணிக்கு மணி எண்ணிக்கை வெளியே அறிவிக்கப்படும். பின்தங்கிய கட்சியின் ஆட்கள் இன்னும் வராத வாக்காளர்களின் வீட்டுக்கு வண்டி அனுப்புவார்கள். மதியத்துக்கு மேல் ஒரு வாக்கின் விலையும் ஏறும். நாடு முழுவதற்கும் ஒரே நாள் என்ற முறை அன்று இல்லை. நகரத் தொகுதிகள் முன்னதாகவும், கவுண்டிகள் பின்னதாகவும், மூன்று வாரம் நீண்டது தேர்தல்.

பெரும்பாலான ஆங்கிலத் தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள். எனவே வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒரே கட்சிக்குத் தரலாம், ஆளுக்கொன்றாகப் பிரிக்கலாம், ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதைப் பயன்படுத்தாமலும் விடலாம். பல்கலைக்கழகத் தொகுதிகளில் மட்டும் பட்டதாரிகள் வாக்குத்தாளை எழுதி அனுப்ப முடிந்தது.

வெளிப்படையாகச் சொல்வதில் அப்படி என்ன ஆபத்து?

சிறு நகரம் ஒன்றில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய கடைக்கு வருபவர்களில் பெரிய வீட்டுச் சீமாட்டிகள் கன்சர்வேடிவ். தெருவில் உள்ள தொழிலாளர் குடும்பங்கள் லிபரல். சாவடியில் அவர் ஒரு பெயரை உச்சரித்த கணமே இரண்டில் ஒரு கூட்டம் வேறு கடைக்குப் போய்விடும். தேர்தல் முடிந்தபின் யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை அச்சிட்டு, புத்தகமாகவே விற்றார்கள். கடைக்காரருக்கு இது வருமானப் பிரச்சினை என்றால், குத்தகைதாரருக்கு அது நிலமும் கூரையும் பற்றியது. ஆலைத் தொழிலாளிக்கு மறுநாள் வேலை பற்றியது.

வேல்ஸில் நடந்ததுதான் மிகவும் வேதனையானது. அங்கே குடியானவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலிக்கன் சபைக்கு வெளியேயுள்ள சபைகளைச் சேர்ந்தவர்கள். நில உரிமையாளர்களோ பெரும்பாலும் ஆங்கிலிக்கன்கள், கன்சர்வேடிவ்கள். தலைமுறை தலைமுறையாக நிலக்காரர் சொன்ன பெயரைச் சொல்லிவந்த குத்தகைதாரர்கள், 1868-இல் தங்கள் மனச்சாட்சிப்படி லிபரலுக்கு வாய்திறந்தார்கள். அதன் விளைவாக, கார்டிகன்ஷயர், கார்மார்தன்ஷயர் கவுண்டிகளில் பல குடும்பங்களுக்கு நிலத்தைக் காலிசெய்யும் அறிவிப்பு வந்தது. அவர்களுக்காக நிதி திரட்டப்பட்டது. மெர்தர் டிட்ஃபிலில் முதலிடத்தில் வென்ற ஹென்றி ரிச்சர்ட் 1869-இல் இந்த வெளியேற்றங்களை மக்களவையிலேயே எழுப்பினார். ஒரு பெயரைச் சொன்னதற்காகத் தகப்பன் உழுத நிலத்தை விட்டுப் போன அந்த மனிதர்களின் துணிச்சலுக்கு, பெரும் பேச்சாளர்களின் எந்த உரையும் ஈடாகாது.

லங்காஷயரின் பிளாக்பர்ன் நகரில் வேறு விதம். நாடாளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு நடந்த நகராட்சித் தேர்தலில் லிபரல் பக்கம் நின்ற தொழிலாளர்கள் நெசவாலைகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்து வரும் தேர்தலுக்கு அது எச்சரிக்கை என்பது எல்லாருக்கும் புரிந்தது. வழக்கை விசாரித்த நீதிபதி வில்ஸ், வென்ற இரு கன்சர்வேடிவ்களின் தேர்தலையும் செல்லாது என்றார். அடுத்து நடந்த இடைத்தேர்தலில் அந்த இருவரின் மகன்களே நின்று வென்றார்கள்.

வெளிப்படை வாக்கை ஆதரித்தவர்களுக்கு நியாயமே இல்லையா?

இருந்தது, அதை மதிப்போடு எடுத்துச் சொல்ல வேண்டும். தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் ரகசிய வாக்கை எதிர்த்தவர். வாக்கு என்பது தனிச்சொத்து அல்ல, பிறர் சார்பில் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. எனவே அதை எப்படிச் செலுத்தினார் என்பதை ஊர் அறிய வேண்டும் என்பது அவர் வாதம். வாக்கில்லாத பெருங்கூட்டம் இருந்த நாட்டில் அந்த வாதத்துக்கு எடை உண்டு: வாக்கில்லாதவர்கள் வாக்குள்ளவர்களைக் கண்காணிக்க வேறு வழியில்லை. ஆனால் கண்காணிப்பவர் ஏழை அண்டை வீட்டார் அல்லர், நிலக்காரரும் முதலாளியும்தான் என்பதை வேல்ஸும் பிளாக்பர்னும் காட்டிய பிறகு, அந்த வாதம் நிற்கவில்லை என்பதே என் முடிவு. மில் அந்தத் தேர்தலில் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் தோற்றார். முதலிடத்தில் வந்தவர், ரயில் நிலையங்களில் புத்தகக் கடைகள் நடத்திய டபிள்யூ. எச். ஸ்மித்.

வாக்குக்குப் பணம் கொடுக்கப்பட்டதா?

பல ஊர்களில் கொடுக்கப்பட்டது. சில ஊர்களில் அது தேர்தலின் வழக்கமான அங்கமாகவே இருந்தது. டாட்னஸ், ரைகேட், கிரேட் யார்மத், லங்காஸ்டர் ஆகிய நான்கு நகரங்கள் ஊழலுக்காகவே 1867 சட்டத்தில் தொகுதித் தகுதியை இழந்திருந்தன.

1868-இன் பெயர்போன வழக்கு யார்க்ஷயரின் பெவர்லி. அங்கே லிபரல் வேட்பாளர்களில் ஒருவராக நின்று நான்காவது இடத்தில் தோற்றவர் நாவலாசிரியர் அந்தோணி டிரோலப். நவம்பர் தொடக்கத்தில் நடந்த நகராட்சித் தேர்தலிலேயே வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்து, அவர்களை நாடாளுமன்றத் தேர்தலுக்கும் சேர்த்துப் பிடித்துவைத்திருந்தது பின்னர் வெளிப்பட்டது. தேர்தல் ரத்தானது, விசாரணைக் குழு அமர்ந்தது, 1870-இல் அந்த நகரம் தொகுதி என்ற தகுதியையே இழந்தது.

இவை வெளிவந்ததற்கு 1868-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டமும் காரணம். அதுவரை தேர்தல் புகார்களை மக்களவைக் குழுக்களே விசாரித்தன. அதாவது உறுப்பினர்களே உறுப்பினர்களுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். புதிய சட்டம் அந்தப் பொறுப்பை நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. அவர்கள் லண்டனில் உட்கார்ந்திருக்காமல் அந்தந்த ஊருக்கே போய்ச் சாட்சிகளைக் கேட்டார்கள்.

பெண்கள் யாரும் வாக்களிக்கவில்லையா?

சட்டப்படி இல்லை. ஆனால் இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1867 மே மாதத்தில், சட்டத்தில் ‘ஆண்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘நபர்’ என்று வைக்க வேண்டும் என மில் திருத்தம் கொண்டுவந்தார். 73 பேர் ஆதரித்தார்கள், 196 பேர் எதிர்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் மான்செஸ்டரில் ஒரு இடைத்தேர்தல். அங்கே பீங்கான் பாத்திரக் கடை நடத்திவந்த லில்லி மேக்ஸ்வெல் என்ற பெண்ணின் பெயர் எப்படியோ பட்டியலில் ஏறிவிட்டிருந்தது. பெண் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட லிடியா பெக்கர் அவரைத் தேடிப்போய் அழைத்துச் செல்ல, அவர் சாவடியில் நின்று ஜேக்கப் பிரைட் என்று பெயர் சொன்னார். பட்டியலில் பெயர் இருந்ததால் அதிகாரியால் மறுக்க முடியவில்லை. கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். வாக்கைப் பகிரங்கமாகச் சொல்லும் முறை ஒரு பெண்ணின் குரலை ஊர் கேட்கச் செய்த அரிய தருணம் அது.

அடுத்த ஆண்டு, மான்செஸ்டரில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் பெயரைச் சேர்க்கக் கோரினார்கள். பொதுத்தேர்தலுக்குச் சில நாள் முன்பு, 1868 நவம்பரில், பெண்களுக்கு அந்த உரிமை கிடையாது என்று நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

பர்மிங்காமில் மூன்று இடங்களையும் ஒரே கட்சி எப்படி வென்றது?

மான்செஸ்டர், லிவர்பூல், பர்மிங்காம், லீட்ஸ் ஆகிய பெருநகரங்களுக்கு 1867-இல் மக்களவையில் மூன்றாவது உறுப்பினர் இடம் தரப்பட்டது; ஆனால் வாக்காளருக்கு இரண்டு வாக்குகள் மட்டுமே. மூன்றில் ஒன்றாவது சிறுபான்மைக் கட்சிக்குப் போகட்டும் என்பது எண்ணம். மான்செஸ்டரில் அப்படியே ஒரு கன்சர்வேடிவ் வந்தார். பர்மிங்காம் லிபரல்களோ, எந்த வட்டாரத்து ஆதரவாளர்கள் எந்த இருவருக்கு வாக்களிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பிரித்துக் கொடுத்து, ஜான் பிரைட், டிக்சன், மன்ட்ஸ் மூவரையும் வெற்றிபெறச் செய்தார்கள். கட்சி அமைப்பு என்ற புதிய சக்தியின் முதல் பெரிய வெற்றி இது.

தொழிலாளர்கள் யாராவது வென்றார்களா?

இல்லை. எய்ல்ஸ்பரியில் ஜார்ஜ் ஹவல், வாரிக்கில் வில்லியம் ராண்டல் கிரீமர் போன்ற தொழிலாளர் இயக்கத்தவர்கள் நின்றார்கள், தோற்றார்கள். உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது, தேர்தல் செலவோ மலைபோல. சுரங்கத் தொழிலாளர்களான தாமஸ் பர்ட்டும் அலெக்சாண்டர் மக்டொனால்டும் அவைக்குள் நுழைய 1874 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முடிவு என்ன?

லிபரல் 387, கன்சர்வேடிவ் 271. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் லிபரல் பக்கம் நின்றன. ஆங்கிலக் கவுண்டிகள் கன்சர்வேடிவ் கையில் இருந்தன. லங்காஷயர் தனிக் கதை. அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் பிழைப்புத் தேடிக் குடியேறிய ஆலை நகரங்களில் அவர்களுக்கு எதிரான உணர்வு கொதித்துக்கொண்டிருந்தது. அது கன்சர்வேடிவ்களுக்குச் சாதகமானது. கிளாட்ஸ்டனே தென்மேற்கு லங்காஷயரில் தோற்றார். லண்டனை அடுத்த கிரீனிச் தொகுதியிலும் அவர் நிறுத்தப்பட்டிருந்ததால், அதன் உறுப்பினராகவே பிரதமரானார்.

டிஸ்ரேலி நாடாளுமன்றம் கூடும் முன்பே விலகியது ஏன் பேசப்படுகிறது?

அதற்கு முன்புவரை, தோற்ற அரசும் புதிய அவையைச் சந்தித்து, அங்கே வாக்கெடுப்பில் தோற்ற பிறகுதான் விலகும். டிஸ்ரேலி டிசம்பர் தொடக்கத்திலேயே விலகினார். அரசைத் தீர்மானிப்பவர்கள் உறுப்பினர்கள் அல்லர், வாக்காளர்களே என்பதை அவர் செயலால் ஒப்புக்கொண்டார் என்று கொள்ளலாம். அரசியின் தூதர் வருகிறார் என்ற தந்தி வந்தபோது, கிளாட்ஸ்டன் வேல்ஸ் எல்லையிலுள்ள ஹாவர்டன் தோட்டத்தில் கோடரியோடு மரம் வெட்டிக்கொண்டிருந்தார். தந்தியைப் படித்துவிட்டு வெட்டைத் தொடர்ந்தவர், சற்றுக் கழித்து நிமிர்ந்து, அயர்லாந்தை அமைதிப்படுத்துவதே தன் பணி என்றார்.

வாக்குறுதி நிறைவேறியதா?

நிறைவேறியது. அயர்லாந்துத் திருச்சபைச் சட்டம் 1869 ஜூலையில் ஒப்புதல் பெற்று, 1871 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ரகசிய வாக்கு எப்போது வந்தது?

1868-இன் அனுபவங்களை ஆராய, 1869-இல் ஹார்டிங்டன் பிரபு தலைமையில் மக்களவைக் குழு அமைந்தது. அவரும் அத்தேர்தலில் வடக்கு லங்காஷயரில் தோற்றவர்தான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் 1856 முதலே வாக்குத்தாள் முறை நடந்துவந்தது நல்ல முன்மாதிரியாக இருந்தது. பிரபுக்கள் அவையின் எதிர்ப்பைத் தாண்டி, 1872 ஜூலையில் வாக்குச்சீட்டுச் சட்டம் நிறைவேறியது. வேட்புமனு மேடையும் கைதூக்கலும் அதோடு ஒழிந்தன.

புதிய முறையில் முதல் தேர்தல் 1872 ஆகஸ்ட் 15 அன்று யார்க்ஷயரின் பாண்டிஃப்ராக்ட் நகரில் நடந்த இடைத்தேர்தல். அந்த ஊர் அதிமதுர மிட்டாய்க்குப் பேர்போனது. வாக்குப்பெட்டியின் அரக்கு முத்திரையை, மிட்டாயின்மேல் பதிக்கும் அச்சைக் கொண்டே குத்தினார்கள். அந்தப் பெட்டி இன்னும் பாதுகாக்கப்படுகிறது.

1868-இல் தன் முன்னோர் யாருக்கு வாக்களித்தார் என்று இன்று ஒருவர் கண்டுபிடிக்க முடியுமா?

அந்தத் தொகுதியின் வாக்குப் புத்தகம் அச்சிடப்பட்டு, ஒரு பிரதியாவது தப்பிப் பிழைத்திருந்தால், முடியும். நூலகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் இவை நிறையவே உள்ளன. பெயர், முகவரி, சில ஊர்களில் தொழிலும் சேர்த்து, எந்த வேட்பாளருக்கு வாக்கு என்பது வரிவரியாக இருக்கும். குடும்ப வரலாறு தேடுபவர்கள் இவற்றைப் பெரிதும் நம்புகிறார்கள். 1874 பொதுத்தேர்தலில் அதே மனிதர் யாருக்கு வாக்களித்தார் என்று தேடினால், விடை கிடைக்காது.